ஸ்கிராட்ச்: கீறலா, சொறியா, பிறாண்டலா?

வாசகர் கடிதம்: "அக்கா, நான் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் எமர்ஜென்சியில் நாலு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து போவதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதினேன். மற்ற மூன்றிலும் தேவையான மார்க் வந்துவிட்டது, ஸ்பீக்கிங்கில் மட்டும் 340. பத்து மார்க்கில் போய்விட்டது. இப்போது மறுபடி கோச்சிங் போகிறேன். போன வாரம் மாக் டெஸ்ட்டில், சைக்கிளிலிருந்து விழுந்த பையனின் அம்மாவிடம் பேசுவதுபோல் ஒரு ரோல் பிளே. அம்மாவாக நடித்தவர் 'இஸ் இட் ஜஸ்ட் எ ஸ்கிராட்ச்?' என்று கேட்டார். ஸ்கிராட்ச் என்றால் சொறிவது என்றுதான் மனதில் ஓடியது. 'நோ, ஹி இஸ் நாட் ஸ்கிராட்சிங்' என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. போதாததற்கு, ஃபீட்பேக் தாளில் 'வொகாபுலரி நாட் அப் டு ஸ்கிராட்ச்' என்று எழுதிக் கொடுத்தார்கள். காயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கும் தோழி, அங்கே ஊசி குத்துவதற்கு முன் எல்லோரும் 'ஷார்ப் ஸ்கிராட்ச்' என்று சொல்கிறார்கள் என்கிறாள். எங்கே எதைச் சொல்வது என்றே புரியவில்லை. இந்தத் தடவையும் போய்விட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?"

முதலில் அந்தச் சிரிப்பை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். நீங்கள் செய்தது முட்டாள்தனமான தப்பு இல்லை, தமிழில் யோசிக்கிற எவருக்கும் வரக்கூடிய தப்பு. நமக்கு நாலைந்து வினைச்சொல் இருக்கிற இடத்தில் ஆங்கிலத்துக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. முள் கீறும், பூனை பிறாண்டும், முதுகு அரித்தால் சொறிவோம், பரிசுச் சீட்டைச் சுரண்டுவோம். இதில் ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் இடத்தில் வைத்தால் நம் காதுக்கு உடனே உறுத்தும். பூனை சொறிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், பூனை தன்னையே சொறிந்துகொண்டது என்றுதான் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இந்த நாலுக்கும் ஸ்கிராட்ச்தான். உங்கள் மனம் நாலில் ஒன்றைப் பிடித்தது, அது அந்த இடத்துக்குரியது இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

ஆனாலும் சொறி விஷயத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் வார்டில் இது நிஜமாகவே குழப்பம் உண்டாக்கும். நம் ஆட்கள் "உடம்பெல்லாம் சொறி" என்று சொல்லும்போது அது பெயர்ச்சொல், தோல் நோய். அதை அப்படியே "ஸ்கிராட்ச் ஆல் ஓவர் த பாடி" என்று சொன்னால், கேட்கிற ஆங்கிலேய டாக்டர் இந்த ஆளை யாரோ உடம்பு முழுக்கப் பிறாண்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். அரிப்புக்கு இட்ச், அரிப்பைத் தீர்க்க நாம் செய்கிற வேலைக்கு ஸ்கிராட்ச். "மை பேக் இஸ் இட்சிங்" என்று அவர் சொல்வார், "டோன்ட் ஸ்கிராட்ச் இட்" என்று நீங்கள் சொல்வீர்கள். இந்த ஜோடி வாயில் உட்கார்ந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அப்புறம், சொறிந்து சொறிந்து தோலில் கோடு கோடாக விழுந்திருக்கிறதே, அதை ஸ்கிராட்ச் மார்க்ஸ் என்று சொல்வார்கள், குறிப்பில் எக்ஸ்கோரியேஷன் என்று எழுதுவார்கள். அதைப் பார்த்தால் லேசில் விட்டுவிடாதீர்கள். மஞ்சள் காமாலையிலும் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் அந்தக் கோடுகளைப் பார்க்கலாம். ராத்திரியானால் அரிப்பு கூடுகிறது, வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறது என்றால் ஸ்கேபீஸ் (சிரங்கு) பக்கம் யோசிக்க வேண்டும்.

இப்போது உங்கள் ரோல் பிளே பையனிடம் வருவோம். சைக்கிளிலிருந்து தார் ரோட்டில் விழுந்தவனுக்கு முழங்காலில் என்ன இருக்கும்? சிராய்ப்பு. தோல் பரவலாக உரிந்து, சின்னச் சின்னப் புள்ளியாக ரத்தம் கசிந்து, மண்ணும் பொடிக்கல்லும் ஒட்டியிருக்கும். பிரிட்டனில் அதற்கு கிரேஸ் என்பார்கள், அமெரிக்காவில் ஸ்க்ரேப். ஸ்கிராட்ச் என்பது கோடு: நகமோ முள்ளோ கம்பியோ இழுத்த மெல்லிய கோடு. கோடாக இருந்தால் ஸ்கிராட்ச், பரவலாக இருந்தால் கிரேஸ் என்று கண்ணால் பிரித்துக்கொள்ளுங்கள். ஷேவ் செய்யும்போது பிளேடு லேசாகப் பட்டால் நிக். கத்தி பட்டு வாய் பிளந்தால் கட். தோல் கிழியாமல் உள்ளே ரத்தம் கட்டிக் கன்றிப்போனால் பிரூஸ், நம் ஊரில் ஊமைக்காயம் என்கிறோமே, அது (அந்தப் பெயரை வைத்த ஆளுக்கு நான் மனதுக்குள் எத்தனையோ தடவை கைகூப்பியிருக்கிறேன், வாய் திறக்காத காயத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பேர் வைக்க முடியும்?). "டு யூ பிரூஸ் ஈஸிலி?" என்ற கேள்வியை இப்போதே மனப்பாடம் செய்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் எடுக்கிற பெரியவர்களிடம் அங்கே அதைக் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

ஆக, அந்த அம்மா "இஸ் இட் ஜஸ்ட் எ ஸ்கிராட்ச்?" என்று கேட்டபோது அவர் கேட்டது அகராதி அர்த்தத்தை அல்ல. "பயப்படும்படி ஒன்றுமில்லையே?" என்றுதான் கேட்டார். "ஜஸ்ட்" என்ற அந்தச் சின்னச் சொல்லில்தான் அவருடைய பயம் முழுக்க இருக்கிறது. உங்கள் பதில் இப்படிப் போகலாம்: முழங்காலில் இருப்பது கிரேஸ், கொஞ்சம் அழுக்கு இருக்கிறது, நன்றாகக் கழுவப் போகிறேன், அவனுக்கு எரியும், ஆனால் தையல் தேவைப்படாது, தாடையிலும் காயம் இருந்து அது கட் என்றால், அதை டாக்டர் பார்க்க வேண்டும். இதை எளிய ஆங்கிலத்தில் நாலு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஸ்பீக்கிங்கில் ஒரு ரோல் பிளேக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம்தான். அதற்கு முன் கார்டைப் படிக்கக் கிடைக்கிற மூன்று நிமிடத்தில், எதிரில் இருப்பவருக்கு எதைக் கண்டு பயம் என்பதை ஒரு சொல்லில் கார்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கிங்கில் நோயாளியின் மொழி, ரைட்டிங்கில் நம் தொழில் மொழி. சிராய்ப்புக்கு மருத்துவச் சொல் அப்ரேஷன்; அம்மாவிடம் அதைச் சொன்னால் அவர் முழிப்பார், அங்கே கிரேஸ் என்றோ ஸ்கிராட்ச் என்றோ சொல்லுங்கள். டாக்டருக்கோ இன்னொரு நர்ஸுக்கோ எழுதுகிற கடிதத்தில் அப்ரேஷன் என்று எழுதுங்கள், இடம், அளவு, எந்தப் பக்கம் என்று சேர்த்து. இன்னொன்று: நம் ஊர் கேஷுவாலிட்டியில் ஏஆர் என்ட்ரி (விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு) போடுகிற அவசரத்தில் தையல் போடுகிற காயம் எல்லாவற்றையும் லேசரேஷன் என்று எழுதிப் பழகியிருப்போம். கட்டை, கல், தரை என்று மழுங்கியது மோதித் தோல் கிழிந்தால்தான் லேசரேஷன். அரிவாளோ கண்ணாடியோ அறுத்தால் அது இன்சைஸ்டு வூண்ட். அந்த ஒரு சொல்லை வைத்து, எந்த ஆயுதம் என்று கோர்ட்டில் கேள்வி வரும். எங்கே போனாலும் இந்தப் பழக்கத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் மதுரையில் ஒன்பது வருடம் கேஷுவாலிட்டியில் நர்ஸாக இருந்துவிட்டு இங்கிலாந்து போன புதிது. முதல் வேலை, வயதானவர்கள் தங்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில், அதுவும் நைட் டியூட்டி. அங்கே ஒரு அம்மா, எண்பத்தேழு வயது, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது கால் வைக்கிற தகடு இடது முழங்காலுக்குக் கீழே எலும்புப் பக்கம் பட்டுவிட்டது. நான் ஓடினேன். அவர் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிவிட்டு, "இட்ஸ் ஒன்லி எ ஸ்கிராட்ச், டியர்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் வெளிச்சம் குறைந்த அந்த அறையில் பார்த்தேன், வளைவாக ஒரு ரத்தக் கோடு தெரிந்தது. நம் கேஷுவாலிட்டியில் லாரி விபத்தைப் பார்த்துப் பழகிய கண், இதையெல்லாம் காயம் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காஸ் துணி வைத்து டேப் ஒட்டினேன். குறிப்பில் இடது காலில் ஸ்கிராட்ச், டிரஸ்ஸிங் செய்யப்பட்டது என்று ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த மணி அடித்த அறைக்குப் போய்விட்டேன்.

காலையில் சீனியர் நர்ஸ் அதைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அது கோடு இல்லை. முக்கோணமாகத் தோல் எழும்பி, வெங்காயச் சருகு மாதிரி ஒரு ஓரத்தில் சுருண்டு, நிறம் மாறிக் கிடந்தது. அடியில் ஈரமாகச் சிவப்பு, இரண்டு விரல் அகலத்துக்கு. நான் ஒட்டிய டேப் போகும்போது கூடக் கொஞ்சம் தோலை இழுத்துக்கொண்டு போனது. அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னமும் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சீனியர் என்னைத் திட்டவில்லை. குறிப்பைத் திருப்பிக் காட்டி, "இந்த ஸ்கிராட்ச் யாருடைய வார்த்தை, உன்னுடையதா, அவருடையதா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவருடைய வார்த்தைதான். நான் கேட்டதை அப்படியே எழுதியிருந்தேன், பார்த்ததை எழுதவில்லை.

அதற்குப் பெயர் ஸ்கின் டேர். வயதானவர்களின் தோல், காகிதம் மாதிரி மெலிந்துபோன தோல், சின்ன மோதலிலேயே அடுக்கு பிரிந்து கிழிந்துவிடும். நம் ஊரிலும் தாத்தா பாட்டிகளுக்கு நடக்கிறதுதான், நாம் அதைத் தனிப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. அங்கே இதை மூன்று வகையாகப் பிரித்து எழுதுவார்கள்: பிரிந்த தோலை மறுபடி இழுத்து இடத்தில் வைத்தால் காயம் முழுக்க மூடுமானால் முதல் வகை, பாதி மூடினால் இரண்டாவது, மூட ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் மூன்றாவது. முதல் கொஞ்ச நேரத்துக்குள், ஈரம் காய்வதற்கு முன், நனைத்த காட்டனால் அந்தத் தோலை மெதுவாக உருட்டி இடத்தில் படுக்க வைத்து, ஒட்டிப் பிடிக்காத சிலிக்கான் டிரஸ்ஸிங் போட வேண்டும். மேலே பேனாவால் ஒரு அம்புக்குறி வரைவார்கள், அடுத்து வருகிறவர் எந்தப் பக்கமாக உரிக்க வேண்டும் என்பதற்கு; எதிர்ப் பக்கம் உரித்தால் படுத்த தோல் மறுபடி எழும்பிவிடும். அந்த அம்புக்குறியை முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. முந்தின ராத்திரி நான் பார்த்த காயம் அநேகமாக முதல் வகை. காலையில் அது அந்த வகை இல்லை. ஆற வாரக்கணக்கானது.

இதில் மொழி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் ஸ்கிராட்ச் என்ற சொல், காயம்பட்டவர் வாயில் வரும்போது, காயத்தைச் சின்னதாக்கிக் காட்டுகிற சொல். அதுவும் அந்தத் தலைமுறை, தங்களால் யாருக்கும் தொந்தரவு வரக் கூடாது என்று வளர்ந்தவர்கள், எதையும் "எ பிட் ஆஃப் எ ஸ்கிராட்ச்" என்றுதான் சொல்வார்கள். நம் அப்பாக்களும் அப்படித்தானே? வயலிலிருந்து காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, "சும்மா லேசா கீறிருச்சு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்காருவார்கள், துணியை அவிழ்த்தால் மண்வெட்டி எலும்புவரை போயிருக்கும். தமிழில் அந்தக் குரலை நீங்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள், "ஒண்ணுமில்ல" என்பதை நம்ப மாட்டீர்கள். இன்னொரு மொழியில் அந்தக் காது நமக்கு வர நாளாகிறது. சொன்ன சொல்லையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம். எனவே இப்படிப் பழகிக்கொள்ளுங்கள்: நோயாளி ஸ்கிராட்ச் என்று சொன்னால் அதை மேற்கோள் குறிக்குள், அவர் சொன்னதாகவே எழுதுங்கள். அடுத்த வரியில் உங்கள் கண் பார்த்ததை எழுதுங்கள், எத்தனை சென்டிமீட்டர், தோல் பிரிந்திருக்கிறதா, ரத்தம் நின்றதா, ஓரம் என்ன நிறம். அளக்காமல் அந்தச் சொல்லை உங்கள் சொல்லாக எழுதாதீர்கள்.

விலங்கு விஷயம் வந்தால் இன்னும் கவனம். எமர்ஜென்சியில் இருக்கிற உங்களுக்கு இது தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே இந்தச் சொல் ஒரு உயிரின் கணக்கை மாற்றுகிறது. நாய், பூனை, குரங்கு பிறாண்டியதில் ரத்தம் வராத சின்னக் கீறல் என்றால் உலக சுகாதார அமைப்பின் பிரிப்பில் இரண்டாம் வகை: சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவி, தடுப்பூசி. கீறல் தோலைத் தாண்டி உள்ளே போயிருந்தால் மூன்றாம் வகை, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (வைரஸை உடனே எதிர்க்கிற ஆயத்த எதிர்ப்பொருள்) காயத்துக்குள்ளேயே போட வேண்டும். "கடிக்கல சிஸ்டர், நகம்தான் பட்டுச்சு" என்று வருகிறவரைத் திருப்பி அனுப்புகிற பேச்சுக்கே இடமில்லை. பிரிட்டனில் தரையில் நடமாடும் விலங்குகளிடம் ரேபிஸ் கிடையாது, அதனாலேயே அங்கே டிரியாஜில் (வருகிறவர்களை அவசரத்துக்கு ஏற்பப் பிரிக்கிற இடத்தில்) அந்த யோசனை சட்டென்று வராது. ஆனால் அங்குள்ள வௌவால்களிடம் ரேபிஸின் உறவுக்கார வைரஸ் உண்டு, 2002இல் ஸ்காட்லாந்தில் வௌவால்களைக் கையாண்ட ஒருவர் அதனால் இறந்திருக்கிறார். 2025இல் மொராக்கோவுக்கு விடுமுறைக்குப் போன ஒரு பிரிட்டிஷ் பெண்ணை நாய்க்குட்டி ஒன்று லேசாகப் பிறாண்டியிருக்கிறது, அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; சில மாதத்தில் ரேபிஸால் உயிர் போனது. நோய் தெரிய ஆரம்பித்துவிட்டால் ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடியாது. அங்கே நீங்கள் டிரியாஜில் உட்காரும் அன்று யாராவது "ஜஸ்ட் எ ஸ்கிராட்ச் ஃப்ரம் எ பப்பி" என்று சொன்னால், எந்த ஊரில், எப்போது என்று கேட்கிற முதல் ஆள் நீங்களாக இருங்கள். நம் ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி ரத்தத்திலேயே இருக்கிறது, அதை அங்கே கொண்டுபோங்கள்.

உங்கள் தோழி சொன்ன ஷார்ப் ஸ்கிராட்ச் வேறு கதை. அது ஊசி உள்ளே போகிற நொடிக்கான எச்சரிக்கை. ரத்தம் எடுக்கும்போதும் கான்யூலா (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் விட்டுவைக்கிற மெல்லிய குழாய்) போடும்போதும் பிரிட்டனில் டாக்டரும் நர்ஸும் ரத்தம் எடுக்கிற ஃபிளெபாட்டமிஸ்டும் ஒரே ராகத்தில் இதைச் சொல்வார்கள். மாணவர்களாக இருக்கும்போதே ஒட்டிக்கொள்கிற பழக்கம். நோயாளி திடுக்கிட்டுக் கையை இழுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்வது. நாம் குழந்தைகளிடம் "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று சொல்கிறோமே, அதேதான். ஆனால் புதிதாகக் கேட்பவருக்குப் பிடிபடாது. லண்டன் ஈஸ்ட் ஹாம் பக்கத்திலிருந்து வந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டி, ரத்தம் எடுக்க வந்தவர் இதைச் சொன்னதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "பிள்ளை, இவர் என்னத்தைப் பிறாண்டப் போறாராம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன், அப்புறம் அசையாமல் இருந்தார்.

நீங்களும் அதைச் சொல்லத்தான் வேண்டுமா? கட்டாயமில்லை. வலிக்கும் என்று அழுத்திச் சொன்னால் வலி கூடுகிறதா என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 2010இல் வெளியான ஒரு ஆய்வில், பிரசவத்தின்போது முதுகில் ஊசி போடுவதற்கு முன் "பெரிய தேனீ கொட்டுகிற மாதிரி இருக்கும்" என்று கேட்ட பெண்கள், "மரத்துப்போக மருந்து போடுகிறோம், சிரமமில்லாமல் இருக்கும்" என்று கேட்ட பெண்களைவிட அதிக வலியைச் சொன்னார்கள். நான் சில வருடம் ஷார்ப் ஸ்கிராட்ச் என்று சொல்லிவிட்டு, பிறகு விட்டுவிட்டேன். "இப்போது ஆரம்பிக்கிறேன், கையை அப்படியே வையுங்கள்" என்று எளிய ஆங்கிலத்தில் சொல்வேன். சொல்லாமல் குத்துவது மட்டும் கூடவே கூடாது. பழகிய ஆங்கிலேய நோயாளிகள் அந்த இரண்டு சொல்லை எதிர்பார்ப்பார்கள், அவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள், ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களிடம் வேண்டாம்.

அடுத்து அந்த ஃபீட்பேக் தாள். அப் டு ஸ்கிராட்ச் என்பதற்கும் காயத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, கோட்டுக்குத்தான் சம்பந்தம். பாண்டி ஆட ஓட்டாஞ்சில்லால் தரையில் கோடு கிழிப்போம் இல்லையா, அப்படித் தரையில் கீறிய கோட்டுக்கும் ஆங்கிலத்தில் ஸ்கிராட்ச் என்றே பெயர். கையுறை போடாமல் குத்துச்சண்டை போட்ட காலத்தில் களத்தின் நடுவில் அந்தக் கோடு இருக்கும். 1838இல் லண்டனில் வகுத்த விதிப்படி, ஒருவன் கீழே விழுந்தால் முப்பது வினாடி ஓய்வு. அதன்பின் எட்டு வினாடிக்குள் யார் கையையும் பிடிக்காமல் தானாக நடந்து அந்தக் கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும், வராவிட்டால் தோற்றவன். கோட்டுக்கு வந்து நிற்கிற தெம்பு இருக்கிறதா என்ற கேள்விதான் நாளாவட்டத்தில் தரம் போதுமா என்று ஆகிவிட்டது. உங்கள் டீச்சர் எழுதியது, சொல்வளம் எதிர்பார்த்த அளவுக்கு இன்னும் வரவில்லை என்பதுதான். இதை மனிதர்களைப் பற்றி முகத்துக்கு நேரே சொன்னால் கொஞ்சம் கடுமையாகத்தான் படும், அதனால் நீங்கள் உங்கள் ஜூனியரிடம் இதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

ஃப்ரம் ஸ்கிராட்ச் என்பதும் கோட்டிலிருந்து வந்ததுதான். ஓட்டப் பந்தயத்தில் பலவீனமானவர்களுக்குச் சலுகையாகக் கொஞ்ச தூரம் முன்னால் நின்று ஓட விடுவார்கள். சலுகை எதுவும் இல்லாதவர் தரையில் கீறிய கோட்டிலிருந்தே ஓட வேண்டும். கோல்ஃபில் சலுகைப் புள்ளி தேவைப்படாத ஆட்டக்காரரை இன்றைக்கும் ஸ்கிராட்ச் பிளேயர் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் ஃப்ரம் ஸ்கிராட்ச் என்றால் கையில் எதுவும் இல்லாமல் அடியிலிருந்து தொடங்குவது. பாக்கெட் மாவு வாங்காமல் அரிசி உளுந்து ஊறவைத்து ஆட்டி இட்லி சுட்டால் அது ஃப்ரம் ஸ்கிராட்ச்.

மற்றவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். பந்தயத்திலிருந்து பெயரை ஸ்கிராட்ச் செய்வது, விலகிக்கொள்வது. ஸ்கிராட்ச் த சர்ஃபேஸ், நாம் நுனிப்புல் மேய்வது என்போமே, ஏறக்குறைய அது. ஒருவருக்கொருவர் முதுகைச் சொறிந்துவிடுவதும், புரியாமல் தலையைச் சொறிவதும் இரண்டு மொழியிலும் உண்டு, ஆனால் நம் ஊரில் ஒருவர் எதிரில் நின்று தலையைச் சொறிந்தால் ஏதோ பணம் கேட்கப் போகிறார் என்றும் அர்த்தம், அது ஆங்கிலத்தில் இல்லை. ஸ்கிராட்ச் கார்டு, தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை வரும்வரை பெட்டிக்கடையில் தொங்கிய சுரண்டல் லாட்டரியின் தம்பி. பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் படிக்கிற ஸ்கிராட்ச், 2007இல் அமெரிக்காவின் எம்ஐடியில் உருவாக்கி வெளியிட்டது. டிஜேக்கள் இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்ப்பதிலிருந்து எடுத்த பெயர். போனுக்கு நாம் ஒட்டுகிற ஸ்கிராட்ச் கார்டை, அதாவது கீறல் விழாமல் காக்கிற அந்தத் தாளை, அங்கே போய் அப்படிக் கேட்டால் லாட்டரி எடுத்துத் தருவார்கள். ஸ்கிரீன் புரொடெக்டர் என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. அங்குள்ள நர்ஸிங் கவுன்சிலான என்எம்சிக்கு லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 350, ரைட்டிங்கில் 300 வேண்டும். ஆனால் இவை எல்லாம் ஒரே தடவையில் வர வேண்டும் என்பதில்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மார்க்கைச் சேர்த்துக் காட்டலாம். மறுபடி போகும்போது நாலு பகுதியையும் எழுதித்தான் ஆக வேண்டும், இரண்டு தடவையிலும் எதுவும் ரொம்பக் கீழே இறங்கிவிடக் கூடாது என்று ஒரு எல்லையும் வைத்திருக்கிறார்கள், பணம் கட்டுவதற்கு முன் அந்த எல்லையை என்எம்சி தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏற்கனவே மூன்றில் நீங்கள் வாங்கிய மார்க் வீணாகவில்லை. உங்களுக்கு வேண்டியது ஸ்பீக்கிங்கில் பத்து மார்க், அதற்கு போன தேர்வின் தேதியிலிருந்து ஒரு வருடம் அவகாசம். நாளைக்கு டியூட்டியில் வருகிற முதல் காயத்தை ஆங்கிலத்தில் இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், ஒரு தடவை அந்த நோயாளியின் அம்மாவிடம் சொல்வதுபோல், இன்னொரு தடவை அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்கு ஹேண்ட்ஓவர் கொடுப்பதுபோல்.